ஆர்.டி. வேலை, டி.எல்.டி. பேட்ஜ்: டோஸ் கணக்கை வாங்காமல் வேலையை விடாதீர்கள்

வார்ப்புக்குள் ஓட்டை விழுந்திருக்கிறதா, வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க இரிடியம் சோர்ஸ், அதாவது கதிர் வீசும் சிறு துண்டு, வைத்துப் படம் எடுப்பதுதான் ஆர்.டி. என்கிற ரேடியோகிராபி சோதனை வேலை. கோவைப் பக்கத்துப் பவுண்டரிகளிலும் வால்வு கம்பெனிகளிலும் பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும். சோர்ஸ் இருக்கும் கேமராவைத் தூக்கி வருவது, ஃபிலிம் ஒட்டுவது, கயிறு கட்டி மற்றவர்களை விலக்குவது எல்லாம் ஹெல்பர் பையன்கள் தலையில். வேலையை விட்டு நிற்கும்போது சம்பள பாக்கியாவது இழுத்துப் பறித்து வாங்கிவிடுகிறார்கள். உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்ற கணக்கைக் கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதுதான் டோஸ் கணக்கு, சட்டையில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜ்தான் அதை அளக்கிறது. அந்தக் கணக்கு சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் சென்டர்களில் வேலை செய்கிற டெக்னீஷியன்களுக்கும் இதே விதிதான்.

கூடங்குளத்தில் எரித்துத் தீர்ந்த அணு எரிபொருளை எங்கே வைப்பது என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் தீர்ப்பாகி, அதற்கான கிடங்கு கட்டும் கெடு 2018இல் நீட்டிக்கப்பட்டது. ஊர் முழுக்கப் பேசினோம். அதைக் கண்காணிக்கிற அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பில்தான் உங்கள் பவுண்டரி மூலையில் பூட்டுப் போட்ட குழிக்குள் கிடக்கும் சோர்ஸும் வருகிறது. இதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். முதலாளி உங்கள் டோஸ் கணக்கையும் மருத்துவப் பதிவையும் ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டும். நீங்கள் கேட்கும்போது தர வேண்டும். வேலையை விட்டு நிற்கும்போதும் தர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரைக் கதிர் வேலையில் வைக்கவே கூடாது. டோஸ் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட் (டோஸை அளக்கும் அலகு). எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஐந்து ஆண்டு என்ற இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். கம்பெனி மாறும்போது அடி விழுவது இங்கேதான்.

பேட்ஜில் நடக்கும் தில்லுமுல்லு

முதல் சால்ஜாப்பு: "தம்பி, நீ ஹெல்பர். பேட்ஜ் ரேடியோகிராபருக்கு மட்டும்தான்." இது பொய். நிரந்தரமோ, பகுதி நேரமோ, தற்காலிகமோ, கதிர் வேலையில் இருப்பவர் எல்லோரும் விதிப்படி பணியாளர்தான். பேட்ஜ் தர முடியாது என்றால் உங்களை அந்த வேலைக்கு அழைக்கக் கூடாது. பயிற்சிச் சான்று இல்லாத ஹெல்பரை, சோர்ஸை வெளியே தள்ளும் கேபிளைச் சுற்றச் சொல்வதும் தப்பு. "ஒரு ஷாட் போட்டுட்டு வா கண்ணு" என்று அனுப்பினால் போகாதீர்கள்.

அடுத்தது காண்ட்ராக்ட் விளையாட்டு. பவுண்டரியைக் கேட்டால் ஆர்.டி. கம்பெனியைக் கை காட்டுவார்கள், ஆர்.டி. கம்பெனி, ஆள் கொடுத்த மேஸ்திரியைக் காட்டும். மேஸ்திரியிடம் ஒரு நோட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. நீங்கள் பிடிக்க வேண்டியது சோர்ஸுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனத்தை. அந்த நிறுவனத்தில் ஆர்.எஸ்.ஓ. என்று ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இருந்தே ஆக வேண்டும். அவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்ஜ் கொடுத்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. நின்று போனவர் பெயரில் இருந்த பேட்ஜைப் புதுப் பையன் சட்டையில் மாட்டிவிடுவார்கள். அவன் வாங்கும் டோஸ் யார் கணக்கிலோ ஏறும். இன்னும் சில இடங்களில் பேட்ஜ் எல்லாம் ஆபீஸ் டிராயரில் பத்திரமாகத் தூங்கும். மூன்று மாதம் கழித்து லேபிலிருந்து ரிப்போர்ட் வரும், பூஜ்யம் என்று. அந்தப் பூஜ்யம் டிராயர் வாங்கிய டோஸ். பின்னாளில் உடம்புக்கு ஏதாவது வந்து நீங்கள் கேட்டால், அதே காகிதத்தைத்தான் உங்கள் முன்னால் நீட்டுவார்கள். ஆகவே பேட்ஜில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். நெஞ்சுக்கு நேரே மாட்டுங்கள். ஸ்கேன் சென்டரில் ஈய ஏப்ரன் போட்டால் பேட்ஜ் அதற்கு உள்ளே இருக்க வேண்டும். ரிப்போர்ட் வரும் ஒவ்வொரு முறையும் ஆர்.எஸ்.ஓ.விடம் கேட்டு, உங்கள் பெயர் இருக்கும் வரியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

காலையில் ஈரோட்டில் ஒரு சென்டர், சாயங்காலம் பெருந்துறையில் இன்னொன்று என்று இரண்டு இடம் பார்க்கிறவர்கள் இரண்டு பக்கமும் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு டோஸையும் கூட்டித்தான் வரம்பு பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் கூட்ட ஆளில்லை. பெண்கள் கருத்தரித்தது தெரிந்ததும் எழுத்தில் கொடுங்கள். வயிற்றுப் பிள்ளைக்கான வரம்பு மீதி மாதங்களுக்கும் சேர்த்து 1 மில்லி சீவெர்ட்தான்.

கம்பெனி மாறும்போது

உங்கள் டி.எல்.டி. எண் ஆயுளுக்கும் ஒன்றே. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் உங்கள் டோஸ் அந்த எண்ணில்தான் சேர்ந்துகொண்டு வரும். புதுக் கம்பெனியில் ஃபாரம் நிரப்பும் குமாஸ்தா, "முன் அனுபவம் இல்லைன்னு போட்டா சீக்கிரம் முடியும்ங்க" என்பார். சம்மதித்தால் புது எண் விழும், பழைய டோஸ் கணக்கில் வராமல் போகும், ஐந்து ஆண்டு வரம்பு மறுபடி முதலிலிருந்து ஓடும். பழைய முதலாளியிடமிருந்து கணக்கை வரவழைப்பது புது முதலாளியின் கடமை என்று விதியே சொல்கிறது. பழைய எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

நிற்கும்போது டோஸ் கணக்கை வாயால் கேட்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். உங்கள் எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் டோஸ் பதிவைப் பாபா மையத்திடமும், அந்தக் கம்பெனிக்கு உரிமம் இருக்கிறதா என்று மும்பையிலுள்ள வாரியத்திடமும் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், சட்டத்தில் இடம் உண்டு. வாரியத்துக்குச் சென்னையில் தென்மண்டல மையம் இருக்கிறது, புகாரின் நகல் ஒன்றை அங்கேயும் போடுங்கள். உள்ளூர்த் தொழிலாளர் துறை அலுவலகத்தில் "இது அணுசக்தி சமாச்சாரம், எங்களுக்கு வராதுங்க" என்று கையை விரிப்பார்கள். தொழிலாளி நலம் என்ற வகையில் அவர்களுக்கும் வரும். மனுவைக் கொடுத்து முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

இழப்பீட்டில் உள்ள ஆறு மாதப் பொறி

கதிரால் வரும் நோய் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். வேறொருவரிடம் இதே வேலை பார்த்த காலம் கணக்கில் சேராது. ஐந்தாவது மாதம் பெயரை நீக்கிவிட்டு வேறு காண்ட்ராக்டர் பெயரில் ஏற்றுவது எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். இடம், கேமரா, மேலாளர் எதுவும் மாறியிருக்காது, ரிஜிஸ்டரில் முதலாளி பெயர் மட்டும் மாறியிருக்கும். இந்தத் தந்திரத்தை உடைக்க கேட் பாஸ், ஷிப்ட் சீட்டு, வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், டி.எல்.டி. ரிப்போர்ட் இவைதான் ஆயுதம். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறவர்கள் சிங்காநல்லூர் மருத்துவமனைக்குப் போகும்போது, கதிர் வேலை பார்ப்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "கை எரிச்சல்" என்று மட்டும் எழுதினால் அது பின்னால் எதற்கும் உதவாது.

பழைய சோர்ஸ்

இரிடியம்-192 எழுபத்து நான்கு நாளில் பாதியாகக் குறையும். "சோர்ஸ் வீக் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ணாது" என்பது அதனால்தான் வருகிற பேச்சு. ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். கையில் எடுத்தால் புண்ணாக்க அது போதும், புண் சில நாள் கழித்துத்தான் தெரியும். கேமராவுக்குள் திரும்பாமல் சோர்ஸ் சிக்கிக்கொண்டால் கையால் தொடாதீர்கள். விலகி நின்று, ஆர்.எஸ்.ஓ. வரும்வரை மற்றவர்களையும் கிட்டே விடாதீர்கள்.

தீர்ந்த சோர்ஸை வழங்கிய நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வாரியத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது. கம்பெனி நொடித்துப் போனாலும் லைசென்ஸ் எடுத்தவர் பொறுப்பு போகாது. 2010இல் டில்லி மாயாபுரியில், பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலத்தில் பழைய இரும்பாக எடுத்துப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் படுகாயப்பட்டார்கள். பழைய இரும்பு நேராக ஃபர்னஸுக்குப் போகிற ஊர் நம்முடைய கோவை. அளவுக்குச் சம்பந்தமில்லாமல் கனக்கும் பெட்டி, அதில் கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இறக்கைச் சின்னம் என்று கண்டால் கட்டிங் டார்ச்சைக் கீழே வையுங்கள். காவல் நிலையத்துக்கும் வாரியத்துக்கும் சொல்லுங்கள். மூடிய ஆர்.டி. ஷெட்டை விலை பேசுகிறவர்கள், குழியிலிருந்த சோர்ஸ் திருப்பி அனுப்பப்பட்டதற்கான காகிதத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.