தேர்வு முடிவு வந்தபின் மூன்றே வாரம்: பொறியியல், கணினிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரில் மேல்நிலைத் தேர்வு (‘ஏ’ லெவல்) முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியில் வெளியாகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பங்களோ மார்ச் மூன்றாம் வாரத்தோடு மூடப்பட்டுவிடும். இடையில் இருப்பது சுமார் மூன்று வாரம். அதற்குள் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்த வரிசை, பணத்துக்கு என்ன வழி என்று எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். மதிப்பெண் போதாமல் இடம் தவறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். மதிப்பெண் இருந்தும், பட்டியலைத் தப்பாகப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே விடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

முதலில் புள்ளிக் கணக்கு. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இது மாறிவிட்டது. முன்பு மொத்தம் 90 புள்ளி; இப்போது 70. ஹெச்2 எனப்படும் முழு அளவுப் பாடங்கள் மூன்றுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு (ஜிபி) 10, அவ்வளவுதான். செயல்திட்டப் பாடத்தில் தேர்ச்சி பெற்றால் போதும், அதற்குப் புள்ளி கிடையாது. அண்ணன், அக்கா, டியூஷன் ஆசிரியர் யாராவது “அந்தப் பாடத்துக்கு 85 புள்ளி வேண்டும்” என்று சொன்னால் அது 90க்குக் கணக்கிட்ட பழைய எண். அதை வைத்து இன்றைய பிள்ளையின் புள்ளியை எடைபோடாதீர்கள்.

நான்காவது பாடம், அதாவது ஹெச்1 எனப்படும் பாதி அளவுப் பாடம், இப்போது உதவினால் மட்டுமே சேரும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஹெச்2 பாடங்களில் ஏ, ஏ, பி வாங்கிய மாணவிக்கு 20 + 20 + 17.5 = 57.5. பொதுத்தாளில் பி என்றால் 8.75. மொத்தம் 66.25. இவர் ஹெச்1 பொருளியலில் ஏ வாங்கியிருந்தால் இன்னும் 10 சேர்ந்து 80க்கு 76.25 ஆகும். அதை 70க்கு மாற்றினால் 66.72. முன்னைவிட அதிகம் என்பதால் இதுதான் எடுத்துக்கொள்ளப்படும். அதே பாடத்தில் சி வாங்கியிருந்தால் 80க்கு 73.75, அதாவது 70க்கு 64.53. இது குறைவு, ஆகவே பொருளியல் கணக்கிலேயே வராது, பழைய 66.25 அப்படியே நிற்கும். ஹெச்1 தமிழுக்கும் இதே வழிதான்: புள்ளியைக் கூட்டினால் சேர்ப்பார்கள், குறைத்தால் விட்டுவிடுவார்கள். தமிழ் எழுதியதால் புள்ளி குறைந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தாய்மொழி பற்றி இன்னொன்றும் உண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் சேர, மேல்நிலைத் தேர்வு எழுதிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தாய்மொழித் தகுதியைக் காட்ட வேண்டும். சாதாரண நிலைத் தேர்வில் (‘ஓ’ லெவல்) உயர்தமிழ் எழுதி டி7 அல்லது அதற்கு மேல் எடுத்திருந்தால் அது போதும். இல்லையென்றால் ஹெச்1 தமிழில் குறைந்தது எஸ் கிரேடு வேண்டும். தமிழ் ‘பி’ என்ற எளிய பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் தகுதி உண்டு. இது நிறைவேறாமல் போனாலும் மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால் தற்காலிகமாக இடம் தருவார்கள்; படிப்பு முடிவதற்குள் அதை நிறைவேற்றிவிட வேண்டும்.

இனி, அதிகம் பேர் தடுமாறும் இடம். ஒவ்வொரு ஆண்டும் பல்கலைக்கழகங்கள் முந்தைய ஆண்டுச் சேர்க்கையின் மதிப்பெண் பட்டியலை வெளியிடுகின்றன. மாணவர்கள் சுருக்கமாக ‘ஐஜிபி’ என்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் இரண்டு விவரம் இருக்கும்: பத்தாவது சதமானம், தொண்ணூறாவது சதமானம். ‘ஏஏஏ/பி’ என்று இருந்தால் மூன்று ஹெச்2 பாடங்களில் ஏ, ஒரு ஹெச்1 பாடத்தில் பி என்று பொருள்.

பத்தாவது சதமானத்தைப் பலர் குறைந்தபட்சத் தகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தகுதிக் கோடு அல்ல. இடம் கிடைத்தவர்களை மதிப்பெண் வாரியாக நிற்க வைத்தால், அவர்களில் பத்தில் ஒருவர் அந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பார். ஒரு பாடத்தில் 200 பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், சுமார் 20 பேர் அந்த மதிப்பெண்ணை எட்டாமலே உள்ளே வந்திருக்கிறார்கள். பிள்ளையின் மதிப்பெண் அதைவிட ஒரு கிரேடு குறைவு என்பதற்காக அந்தப் பாடத்தையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவது வீண் இழப்பு. அது போன ஆண்டின் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஆண்டு எத்தனை பேர் அந்தப் பாடத்தைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து மேலேயோ கீழேயோ நகரும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் போன்ற சில பாடங்களில், அண்மை ஆண்டுகளில் பத்தாவது சதமானமே ‘ஏஏஏ/ஏ’. அடிமட்டமே உச்சத்தில் இருக்கும்போது, இரண்டு பி வாங்கியவர் அதை முதல் விருப்பமாகப் போடலாம், தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மற்ற வரிகளை யோசிக்காமல் நிரப்பக் கூடாது. பக்கத்திலேயே தகவல் முறைமை, கணினிப் பொறியியல், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் எல்லாம் இருக்கின்றன. கணினித் துறைக்குள் போக அவையும் நேர்வழிதான்.

விருப்ப வரிசையில் தந்திரம் எதுவும் தேவையில்லை. உண்மையிலேயே எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள், அடுத்து வேண்டியதை அடுத்துப் போடுங்கள். ஒரு பல்கலைக்கழகம் பொதுவாக ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பாடத்தில்தான் இடம் தரும், அதுவும் பட்டியலில் மேலே இருப்பதிலிருந்து பார்த்துக்கொண்டு வரும். ‘கிடைக்கும்’ என்று தோன்றுவதை முதலில் போட்டால், அதுவே கிடைத்துவிடும். ஆசைப்பட்டது கீழே இருந்தபடி இருக்க வேண்டியதுதான். படிக்க மனமில்லாத பாடத்தைக் கடைசி வரியில்கூட எழுத வேண்டாம், அதுவே கிடைத்தால் நான்கு ஆண்டு அதோடுதான் இருக்க வேண்டும்.

பாடத் தகுதியையும் பார்க்க வேண்டும். பொறியியலுக்கும் கணினிக்கும் ஹெச்2 கணிதம்தான் அடிப்படை. இயற்பியல் எந்த நிலையில் வேண்டும் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். தொடக்கக் கல்லூரி முதல் ஆண்டில் பாடச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கும்போதே பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இரண்டு வருடம் கழித்துத் தெரிந்து பயனில்லை.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி இல்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பாடங்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறோம். சாங்கி வட்டாரத்தில் இருக்கும் சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. அங்கே பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்கிறோம். முதல் மூன்று பருவங்களில் எல்லாரும் பொதுவான பாடங்களைப் படித்துவிட்டு, அதன் பிறகுதான் கட்டடக்கலையா, கணினியா, பொருள் உருவாக்கப் பொறியியலா என்று பிரிகிறார்கள். 17, 18 வயதில் இன்னும் முடிவெடுக்க முடியாத பிள்ளைக்கு இது பெரிய வசதி. தேர்ந்தெடுத்தவர்களை நேர்காணலுக்கும் அழைப்பார்கள். பொங்கோலில் இருக்கும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகமோ வேலையோடு சேர்ந்த பயிற்சிக்குப் பெயர் பெற்றது. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் அங்கே அதிகம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு விண்ணப்பம் முன்கூட்டியே திறந்துவிடும். இறுதிப் பருவ முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை; ஐந்தாம் பருவம் வரையிலான சராசரியோடு விண்ணப்பிக்கலாம். தொடர்புள்ள துறையில் பட்டயம் பெற்றவர்களுக்குச் சில பாடங்களிலிருந்து விலக்குக் கிடைக்கும், படிப்புக் காலம் குறையவும் வாய்ப்பு உண்டு. அந்த விலக்கைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மதிப்பெண் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குத் திறன் அடிப்படையிலான சேர்க்கை என்று ஒரு வழி இருக்கிறது. மாணவர்கள் பேச்சில் ‘ஏபிஏ’. மதிப்பெண்ணோடு, அந்தத் துறையில் பிள்ளைக்கு இருக்கும் ஈடுபாட்டையும் சாதனைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விண்ணப்பத்திலேயே சிறு சிறு பதில்கள் எழுத வேண்டும், தேவைப்பட்டால் நேர்காணல் இருக்கும். நம் பிள்ளைகள் இங்கே தங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஒலிம்பியாட் பதக்கம் இருந்தால்தான் எழுத முடியும் என்று நினைக்கிறார்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்கிற மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். “மூன்று ஆண்டுகள் சமூகத் தொண்டு செய்தேன்” என்று அவன் எழுதினால், படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியப்போவதில்லை. எந்த நேரத்தில் கூட்டம் குவிகிறது, எப்போது மோர் தீர்ந்துபோகிறது என்று ஒரு வருடம் குறித்து வைத்து, அடுத்த வருடம் ஆட்களை எந்த மணிக்கு எத்தனை பேராக நிறுத்தலாம் என்று ஓர் அட்டவணை போட்டான், அதில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று எழுதினால், பொறியியல் படிக்கப் போகிற மனம் அதில் தெரிகிறது. செய்தது சிறிதாக இருக்கலாம். எப்படி யோசித்தான் என்பதைத்தான் காட்ட வேண்டும். அப்புறம், இந்தப் பதில்களை மார்ச் மாதத்தில் எழுத ஆரம்பிக்காதீர்கள். டிசம்பர் விடுமுறையில் ஒரு வரைவு எழுதி, ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, திருத்தி வையுங்கள்.

தேசிய சேவைக்குப் போகிற பையன்கள் “ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுவதுண்டு. வேண்டாம். முடிவு வந்த ஆண்டிலேயே விண்ணப்பித்து இடம் வாங்கி ஏற்றுக்கொண்டால், சேவை முடியும்வரை அந்த இடம் காத்திருக்கும். நடுவில் மனம் மாறினால் மறுபடியும் விண்ணப்பித்துக்கொள்ளலாம். முகாமில் இருந்துகொண்டு சான்றிதழ் தேடுவதைவிட, வீட்டில் இருக்கும்போதே இதை முடிப்பது எளிது.

இடம் தந்த செய்தி வரத் தொடங்கியதும் அவசரப்பட வேண்டாம். எத்தனை பல்கலைக்கழகங்கள் இடம் தந்தாலும், பொதுவான ஏற்புத் தளத்தில் ஒன்றைத்தான் ஏற்க முடியும். அதற்கான கடைசி நாள் பொதுவாக மே மாதத்தின் பிற்பகுதியில் வரும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும். கேட்ட பாடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் அதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் சொன்னதையே திருப்பிச் சொல்வதில் பலன் குறைவு.

இப்போது பணம். வீட்டில் இதைப் பற்றி வாய்திறக்கத் தயங்கி, பிள்ளையே தானாக ஆசையைக் குறைத்துக்கொள்கிற நிலை வரக் கூடாது. கல்வி அமைச்சின் கட்டண மானியம் குடிமக்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. மானியம் கழித்தபின், நன்யாங்கிலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பொறியியலுக்குக் குடிமக்கள் கட்டுவது ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் இதைவிடக் கணிசமாக அதிகம். நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கட்டணம் கூடுதல். மானியம் வேண்டுமென்றால் அவர்கள் விண்ணப்பித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவுக்காரப் பிள்ளை வருவதாக இருந்தால், கையெழுத்திடும் முன்பு இந்த நிபந்தனையைப் பெற்றோர் முழுதாகப் படிக்க வேண்டும்.

குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அமைச்சின் உதவிநிதி இருக்கிறது. வீட்டின் மொத்த மாத வருமானத்தை வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதனால் பாட்டி, தாத்தா கூடவே இருக்கிற வீட்டுக்கு எண்ணிக்கை கூடும், தலைக்கு வருமானம் குறையும். ‘நமக்குச் சம்பளம் அதிகம், கிடைக்காது’ என்று நீங்களே முடிவு கட்டாமல் வகுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் தேவை அடிப்படையிலான உதவிநிதி உண்டு. பிள்ளையின் பெயரில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கில் இருக்கும் பணத்தையும் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். பல வீடுகளில் அப்படி ஒரு கணக்கு இருப்பதே நினைவில் இருப்பதில்லை.

மீதிக்குக் கடன். கல்விக் கட்டணக் கடனில் மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை எடுக்கலாம். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது, பட்டம் பெற்ற பிறகே வட்டி ஓடத் தொடங்கும். மற்றொரு வழி, பெற்றோரின் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து எடுப்பது. பட்டம் பெற்று ஓராண்டு கழித்துப் பிள்ளை அதை வட்டியோடு பெற்றோரின் கணக்குக்கே திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கல்விக் கட்டணக் கடனைத்தான். சாதாரணக் கணக்கிலிருந்துதான் பெரும்பாலான வீடுகளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனும் கட்டப்படுகிறது; அதிலிருந்து எடுத்தால் மாதத் தவணை நெருக்கும்.

கல்விக் கட்டணக் கடனுக்கு ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும். அப்பாவின் வயதோ கடன் நிலையோ பொருந்தாவிட்டால், மாமாவோ சித்தப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கட்டணம் கட்டும் தேதி நெருங்கிய பிறகு போய்க் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம். ஏப்ரல், மே மாதத்தில், இடம் உறுதியாகும்போதே உட்கார்ந்து பேசி, யார் கையெழுத்திடுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.