பாக் விரிகுடாவுக்கு ஒரே வரைபடம்: இரு கரைத் தரவுகளை எப்படி இணைப்பது?

காவிரிப் படுகை தெற்கே கடலைத் தொடும் இடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சரணாலயமும் இருக்கின்றன. அதை ஒட்டிய தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத் தீவுகளும் மன்னாரின் வங்காலைச் சரணாலயமும். நடுவில் ஆழம் குறைந்த ஒரே கடல்தான். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேய்கிற கடற்புல் இரு பக்கமும் வளர்கிறது. காவல் மட்டும் இரண்டு நாடுகளின் கையில் இருப்பதால் தரவும் இரண்டாகக் கிடக்கிறது.

இரு தரப்பும் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. திரையில் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும் இரண்டு வரைபடங்கள், பரப்பைக் கணக்கிட்டதும் இல்லாத அழிவையும் இல்லாத வளர்ச்சியையும் காட்டும்.

முதல் சிக்கல் டேட்டம், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும் எந்த அடிப்படையிலிருந்து அளக்கப்பட்டன என்பது. இந்தியாவின் பழைய நில அளவைத் தாள்கள் கல்யாண்பூரை மூலப்புள்ளியாகக் கொண்டவை. இலங்கையின் பழைய தாள்கள் கந்தவல புள்ளியை. இரண்டிலும் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் 1830 நீள்வட்டம்தான் பயன்பட்டது. கோப்பில் ‘எவரெஸ்ட்’ என்ற பெயரைப் பார்த்ததும் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அமைப்பிலிருந்து இவை இரண்டும் நூறு மீட்டருக்கு மேல் விலகியிருக்கின்றன, அதுவும் வெவ்வேறு திசையில். வாய்க்கால் கரையோரம் சில பத்து மீட்டர் அகலத்துக்கு மட்டும் நிற்கும் அலையாத்தி இந்த விலகலில் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். கணினி அதைக் ‘காடு அழிந்தது’ என்று எழுதிவைக்கும்.

பெரிய பிழைகள் அவ்வளவு ஆபத்தில்லை. இலங்கையின் பழைய வரைபடக் கட்டத்தில் மூலப்புள்ளிக்குக் கொடுக்கும் எண் 2,00,000 மீட்டர், 1999ஆம் ஆண்டு அமைப்பில் 5,00,000. மாற்றிப் போட்டால் கிழக்கு-மேற்கிலும் வடக்கு-தெற்கிலும் 300 கி.மீ. தள்ளி விழும், யாருக்கும் கண்ணில் படும். இருநூறு மீட்டர் பிழைதான் சத்தமில்லாமல் அறிக்கை வரை போய்ச் சேரும். எல்லாவற்றையும் டபிள்யூஜிஎஸ் 84க்கும், இடத்தை மீட்டரில் சொல்லும் யூடிஎம் கட்டத்தின் 44 வடக்கு மண்டலத்துக்கும் மாற்றிவிடுவது நல்லது. கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 84 பாகை வரையுள்ள அந்த மண்டலத்துக்குள் இரு கரையுமே அடங்கும். மாற்றியதும் கலங்கரை விளக்கம், பாலம், மனோரா கோபுரம் போன்ற அசையாத பத்துப் பதினைந்து இடங்களைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் டேட்டம் தவறு. ஆளுக்கொரு பக்கம் சிதறினால் பழைய தாளைக் கணினிக்கு மாற்றியதில் தவறு.

எல்லைக்கோட்டிலும் ஒரு பொறி உண்டு. 1974 இந்திய-இலங்கை உடன்பாடு கடல் எல்லைப் புள்ளிகளைப் பாகை, கலை (60 கலை ஒரு பாகை) என்ற கணக்கில் தருகிறது. ஒரு புள்ளியின் அட்சரேகை 9 பாகை 40.15 கலை. பதின்மத்தில் அது 9.669. அவசரத்தில் 9.4015 என்று தட்டினால் புள்ளி ஏறக்குறைய 30 கி.மீ. தெற்கே இறங்கிவிடும்.

அடுத்தது படம். சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படம் இலவசம். ஒரு பிக்சல் 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். கடற்புல்லுக்கு அதில் எல்லாத் தேதியும் உதவாது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் வண்டலோடு இறங்கும்போது அடித்தரை தெரியாது. தை கழிந்து கடல் தெளியும் மாதங்களே ஏற்றவை. சிவப்பு ஒளி சில மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும், நீலமும் பச்சையும்தான் கீழே போய்த் திரும்பும். அதனால் ஆழத்தின் பாதிப்பைக் கழிக்காமல் விட்டால் ஆழமான மணல்தரை புல்லாகத் தெரியும். பாசியும் புல்லைப் போலவே தெரிவதால் கடலில் இறங்கிச் சரிபார்த்தே ஆக வேண்டும். கைபேசி ஜிபிஎஸ் ஐந்து முதல் பத்து மீட்டர் வரை பிசகும். ஆகவே சரிபார்க்கும் இடம் குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புல்திட்டின் ஓரத்தில் எடுத்த புள்ளி வீண்.

எங்கள் பார்வையில் அதிக நாள் விழுங்குவது வகைப்பாடு. இந்திய வன அளவைத் துறைக்கு 70 விழுக்காடும் அதற்கு மேலும் மரக்கவிகை (மரக்கிளைகளும் இலைகளும் தரையை மூடும் அளவு) இருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு. எதிர்த்தரப்பு 50இல் கோடு கிழித்திருந்தால் இரண்டையும் ஒட்டவே முடியாது. ‘அடர்த்தி’, ‘நடுத்தரம்’ என்ற சொற்களைச் சேமிக்காமல் விழுக்காட்டையே எண்ணாகச் சேமித்தால், பிறகு யார் வேண்டுமானாலும் தங்கள் கோட்டைக் கிழித்துக்கொள்ளலாம்.

தரவு இல்லாத இடம் வேறு, ஒன்றும் இல்லாத இடம் வேறு. தமிழகத் தொகுப்பில் காரைக்கால் வெட்டப்பட்டிருக்கும், அது புதுச்சேரிக்குச் சேர்ந்தது. அந்தக் கட்டங்களில் பூஜ்யம் இருந்தால் பங்குனி ஆமை அங்கே முட்டையிடவில்லை என்று பொருளாகும். கடற்புல்லிலும் இப்படித்தான். பத்துக் கட்டங்களில் ஆறு மட்டும் அளக்கப்பட்டு ஒவ்வொன்றும் 60 விழுக்காடு என்றால் சராசரி 60. மீதி நான்கையும் பூஜ்யமாக்கினால் 36. ‘தரவு இல்லை’ என்று குறிக்க -9999 போன்ற தனி எண்ணை ஒதுக்குவது இதற்குத்தான். பரப்பைக் கூட்டும்போதும் கவனம் தேவை: 1967இல் அறிவித்த கோடியக்கரைச் சரணாலயம் சுமார் 17 சதுர கி.மீ.; 2002இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த 385 சதுர கி.மீ. அதையும் முத்துப்பேட்டையையும் தனக்குள் வைத்திருக்கிறது. எல்லைகளை முதலில் கரைத்து ஒன்றாக்காமல் கூட்டினால் ஒரே நிலம் இரண்டு முறை வந்துவிடும்.

பறவைக் கணக்குக்கு நாள் முக்கியம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சனவரியில் இரு நாட்டிலும் நடக்கிறது. வெவ்வேறு வாரத்தில் எண்ணினால் கடலைக் கடந்துபோன கூட்டம் இரண்டு பட்டியலிலும் ஏறும், அல்லது இரண்டிலும் விடுபடும். பறவையின் காலில் மாட்டிய கருவி உலகப் பொது நேரத்தில் பதியும். நமக்கு நள்ளிரவு 12:30 ஆகும்போது கருவியில் முந்தைய நாள் இரவு 7 மணி. தேதியை மாற்றாமல் இணைத்தால் நள்ளிரவுக்கும் அதிகாலை 5:30க்கும் இடைப்பட்ட பதிவுகள் எல்லாம் ஒரு நாள் பின்னால் போகும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடவும் கூடாது. ஆவுளியா கண்ட துல்லியமான இடம் வேட்டைக்காரருக்கு வழிகாட்டி. பொதுவெளிக்கு 0.1 பாகை, அதாவது சுமார் 11 கி.மீ. கட்டமாகச் சுருக்கிக் கொடுக்கலாம். துல்லியப் புள்ளி இரு நாட்டு வனவிலங்குத் துறைகளுக்குள் இருக்கட்டும். சுருக்கிய கோப்பில் ‘சுருக்கப்பட்டது, இவ்வளவு’ என்று ஒரு நெடுவரிசையில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆய்வாளர் கட்டத்தின் மையத்தையே விலங்கு நின்ற இடமாக எடுத்துக்கொண்டு அங்கே படகை விடுவார்.