பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களும் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இடங்களும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வாகனக் காப்பீட்டு சர்வேயராக வேலை பார்க்கிறேன். விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிடுவது முக்கிய வேலை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கூப்பிட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன் போய்ப் பார்த்தும் சொல்வேன். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் சமீப வருடங்களாகப் பலர் ஒரே காரைத்தான் சொல்கிறார்கள்: துணிக் கூரையைத் திறந்து மூடும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே பாக்ஸ்டர், இல்லையென்றால் அதே காரின் நிலையான கூரை போட்ட வடிவமான கேமன். அதிலும் 2009 முதல் 2016 வரை வந்தவை.

வண்டியைப் பார்க்கப் போகும் முன் எல்லோரிடமும் ஒன்று கேட்பேன். "ஏன் சார் இதையே தேடுறீங்க?" அவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் அந்தக் காரணத்துக்குப் பின்னால்தான் செலவும் ஒளிந்திருக்கும். அதனால் பதிலைக் கேட்ட பிறகுதான் டார்ச்சை எங்கே அடிப்பது என்று முடிவு செய்வேன்.

முதலில் வரும் பதில் விலை. "புதுசு கோடியைத் தாண்டுது, இது ஒரு நல்ல எஸ்யூவி விலைக்குள்ள வருது." உண்மைதான். இந்தக் கார் முழுவதுமாக வெளிநாட்டில் தயாராகிக் கப்பலில் வருவது. இந்த விலை வரிசையில் இறக்குமதி வரி காரின் அடக்க விலையையே எட்டிப்பிடிக்கும் அளவுக்கு இருந்தது. அந்த வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். மதிப்பு வேகமாகச் சரிந்த முதல் சில வருட நஷ்டமும் அவருடையதே. பத்து வருடம் கழித்து வாங்குகிறவருக்கு அந்தச் சரிவு முடிந்த இடத்தில் கார் கிடைக்கிறது.

ஆனால் காருக்குத்தான் வயதாகிறது, உதிரி பாகத்துக்கு வயதாவதில்லை. ஒரு பிரேக் டிஸ்க், ஒரு ஹெட்லைட், ஒரு ரேடியேட்டர் எல்லாம் இன்றைய விலையில், இன்றைய வரியோடுதான் வந்து இறங்கும். பாதி விலைக்குக் கார் வாங்கியவருக்கு முழு விலை பில் வரும்போதுதான் இது உறைக்கிறது. "இன்சூரன்ஸ் இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை முன்கூட்டியே யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

சாதாரண ஒருங்கிணைந்த பாலிசியில் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்போம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், அதுவும் காரின் வயது எதுவானாலும். உலோக பாகங்களுக்கு 5 வருடத்திலிருந்து 10 வருடம் வரை 40 சதவீதம், 10 வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் இல்லை. இந்தக் காரின் முன்பக்கம் பெரும்பகுதி பிளாஸ்டிக். இசிஆரில் ஒரு மாடு குறுக்கே வந்து, பம்பர், ரேடியேட்டர், விளக்கு என்று 8 லட்சத்துக்குப் பாகங்கள் மாற்ற வேண்டி வந்தால், அதில் ஏறக்குறைய 4 லட்சம் உரிமையாளர் கையிலிருந்துதான் போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பைப் பல நிறுவனங்கள் 5 வருடத்தோடு நிறுத்திவிடும். 5 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு காப்பீட்டு மதிப்பையே நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று அதைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கார் வெள்ளத்தில் போனால் கைக்கு வருவது அந்தத் தொகைதான்.

வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியாதவர்களிடம், இந்தக் கார் இப்போது வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன். இது என் அனுபவக் கணக்கு, சட்டம் ஒன்றுமில்லை.

அடுத்த காரணம் இன்ஜின். இதைச் சொல்கிறவர்கள் படித்துவிட்டு வருகிறவர்கள், அவர்களோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். பாக்ஸ்டரில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் படுத்திருக்கிறது. எடை நடுவில் இருப்பதால் வளைவில் கார் கையோடு திரும்பும். 2012-ல் வந்த தலைமுறையில் 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத இன்ஜின், 265 குதிரைத்திறன். எஸ் வகையில் 3.4 லிட்டர், 315 குதிரைத்திறன். 2016-ல் 718 என்ற பெயரோடு நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. அடிப்படை மாடலிலேயே திறன் 300 ஆனது, ஆனால் அந்தப் பழைய சத்தம் போய்விட்டது. அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காகவே பின்னோக்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேர்வு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இங்கே வருடம் முக்கியம். 2008 வரை வந்த இன்ஜின்களில், உள்ளே சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை, ஆனால் உடைந்தால் மிச்சம் இருக்காது. 2009 மாடலில் இன்ஜினைப் புதிதாக வடிவமைத்தபோது அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். தானியங்கி கியரும் அப்போதுதான் 7 வேக இரட்டை கிளட்ச் பிடிகே ஆனது. ஆகவே 2006, 2007 வண்டி ஒன்று சில லட்சம் குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், இன்ஜினைப் பிரித்து பேரிங் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

இந்தக் காரில் பானெட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்க்க முடியாது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. பின் டிக்கியில் ஆயில், கூலன்ட் ஊற்றும் மூடிகள் மட்டும் தெரியும். 2012-க்குப் பிந்தைய வண்டிகளில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது, திரையில்தான் காட்டும். அதனால் லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்காமல், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. இன்ஜின் கம்ப்யூட்டரில் இரண்டு விஷயம் பதிவாகியிருக்கும். ஒன்று, இன்ஜினை வரம்பு மீறிச் சுற்றவிட்ட தடவைகள். ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டும். மேல்படிகளில் எண்கள் இருந்தால், கையால் கியர் போடும் வண்டியில் யாரோ அதிவேகத்தில் தப்பாகக் கீழ் கியர் விழவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிடிகே வண்டியில் கம்ப்யூட்டரே அதைத் தடுத்துவிடும். இன்னொன்று, இன்ஜின் மொத்தம் ஓடிய மணி நேரம். மீட்டர் 18,000 கி.மீ. காட்டுகிறது, இன்ஜின் 1,500 மணி நேரம் ஓடியிருக்கிறது என்றால் சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. இப்படி ஒரு காரை வாங்கிவிட்டு ஊர்வலத்தில் போவது போல யார் ஓட்டுவார்கள்? அந்த மீட்டரை நான் நம்பமாட்டேன்.

"கூரையைத் திறந்துட்டு கடலோரமாப் போகணும்" என்பது மூன்றாவது காரணம். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆசை இல்லை. ஆனால் இந்தக் காருக்கு நம் ஊர் தரும் தொல்லையும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

துணிக் கூரை மடியும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் சருகு போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஐப்பசி மழை வந்தால், வடிய வழியில்லாத தண்ணீர் உள்ளே இறங்கும். பழைய தலைமுறை வண்டிகளில் சாவி, அலாரம் எல்லாவற்றையும் கவனிக்கும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில் தரையோடு இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. துளையைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும். வாங்கப் போகும் வண்டியில் இருக்கைக்கு அடியில் கையை விட்டு கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள்.

முன் பம்பரில் இரு பக்கமும் பெரிய காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன. உள்ளே ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். ரோட்டில் கிடக்கும் இலை, பிளாஸ்டிக், மணல் எல்லாவற்றையும் அந்தத் துவாரம் உள்ளே இழுத்து இரண்டுக்கும் நடுவில் சேர்த்துவைக்கும். உப்புக் காற்று படும் ஊரில் அந்தக் குப்பை ஈரத்தோடு வருடக்கணக்காக ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். ஏசி குளிர்ச்சி போதவில்லை என்று கேஸ் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், ஓட்டை அங்கே இருக்கும். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்த ரசீது இருக்கிறதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். இருந்தால் அவர் காரைப் பற்றித் தெரிந்தவர்.

வெள்ளம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. தரையை ஒட்டி நிற்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அந்தத் தண்ணீரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டிகள் உலர்ந்து, பாலிஷ் போட்டு, வேறு ஊர் வழியாகச் சந்தைக்கு வருகின்றன. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதுதான் நடந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழம் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே இருக்கும். சீட் தண்டவாளத் திருகுகளில் துரு, விளக்குக்குள் ஆவி, காருக்குள் தேவைக்கு மேல் வாசனைத் திரவியம், இவையும் சாட்சிகள்.

ஏற்கனவே கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து, ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாமல் அந்தக் கிளெய்மை ஏற்க மாட்டார்கள். நானே வருத்தத்தோடு அப்படி எழுத வேண்டிவரும்.

இரண்டு டிக்கி இருப்பதால் இரண்டு பேர் ஊருக்குப் போய்வரலாம் என்பதும் ஒரு காரணம். முன்னால் 150 லிட்டர், பின்னால் 130. போதும்தான்.

கடைசியாக வருவது, "வண்டி ஓடவே இல்ல சார், புதுசு மாதிரி." புதுச்சேரியில், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களான சொல்தா குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பிள்ளை பிரான்சில் இருப்பார், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். மீதி மாதங்கள் கார் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும். பெரியவர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். அன்பாகத்தான் செய்கிறார், ஆனால் ஆயில் சூடாகும் முன் அணைப்பதால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நின்ற காரில் டயர் கெட்டியாகும். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அது பழைய டயர்தான். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் முன்டயரைப் பின்னால் மாற்றிப் போடவும் முடியாது. பிரேக் ஆயில் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பேட்டரி இருப்பது முன் டிக்கிக்குள், அந்த மூடி திறப்பதோ மின்சாரத்தில். பேட்டரி செத்தால் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் அவசர இணைப்பில் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். கம்பியை விட்டு நெம்பிப் பெயின்ட்டைக் கெடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே 9,000 கி.மீ. ஓடி நின்ற வண்டியையும், 45,000 கி.மீ. ஓடி வருடா வருடம் சர்வீஸ் ரசீதுள்ள வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இனி காகிதம். பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி நம்பர் வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கும்போது கவனம் வேண்டும். இங்கே சாலை வரி குறைவு என்பதற்காக, இங்கே குடியிருக்காதவர்கள் வாடகை முகவரி காட்டிப் பதிவு செய்த சொகுசுக் கார்கள் ஏராளம். 2017-ல் கேரளாவில் இது பெரிய வழக்காகவே ஆனது. முகவரி பொய் என்றால் அந்தச் சிக்கல் வண்டியோடு உங்களுக்கும் வந்து சேரும். முள்ளோடையைத் தாண்டினால் கடலூர்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. என்ஓசி எனும் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, கடலூரின் டி.என். 31 நம்பருக்கு மாற்றும் செலவைப் பேரம் பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடும் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும்தான் வண்டியோடு கூடவே வரும். உங்கள் காரின் சேதத்துக்கான பகுதியை மாற்ற, கைமாறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காக விற்றவர் சேர்த்துவைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். ஆர்சி பெயர் மாறி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நாட்களில்தான் முதல் விபத்து நடக்கிறது, பழைய பெயரில் பாலிசி இருக்கிறது, கிளெய்ம் நிற்கிறது. அதனால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தான அன்றே இந்த விண்ணப்பத்தையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.