அம்பாசடர் டைமிங்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு எடைகள்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஐயா காலத்து அம்பாசடர், பிள்ளையார்பட்டிக்கு ஆள் நிறைய ஏற்றிப் போகும்போது டாப் கியரில் மிதித்தால் எஞ்சினில் கடகடவென்று சத்தம், மெக்கானிக் டைமிங் என்கிறார், அப்பத்தா திருஷ்டி என்கிறார், எது சரி? மெக்கானிக் சொல்வதுதான். டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம்.

நான்கு ஸ்ட்ரோக் பள்ளியில் படித்ததுதான். பெட்ரோல் கலவை மொத்தமாக வெடிப்பதில்லை, பிளக்கிலிருந்து தீ பரவ நேரம் பிடிக்கும். 2 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழவேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுமார் 10 டிகிரி திரும்பும், 3200 சுற்றிலோ 38 டிகிரி! (வேகத்தில் கலவை கலங்கித் தீயும் சீக்கிரம் பரவுவதால் அவ்வளவு தேவைப்படாது, ஆனாலும் கூட்டியாக வேண்டும்.)

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை யார் கணக்குப் போட்டது? பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும், உள்ளே சுழலும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, பாயிண்ட் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு) உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் பாருங்கள். இரண்டு சின்ன எடைகள், அவற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். தண்டு வேகமெடுத்தால் குடை ராட்டினத் தொட்டில்போல எடைகள் வெளியே விரியும்; விரிந்து, பாயிண்டைத் திறக்கும் முனைகள் கொண்ட கேமைச் சுழலும் திசையிலேயே கொஞ்சம் தள்ளிவிடும், பொறி முந்தும். ஸ்பிரிங் இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: மெல்லியது முதலில் நீளும், தடித்தது பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் கொக்கியில் தளர்வாகக் கிடந்து, வேகம் கூடிய பிறகே இழுக்கத் தொடங்கும். அதனால் முதலில் விறுவிறுவென்றும் அப்புறம் நிதானமாகவும் பொறி முந்துகிறது. ஒரு வரைபடத்தையே கம்பிச்சுருளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1948இல் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்த ஊர் காரைக்குடி. ஷெட்டில் தூங்கும் பழைய எஞ்சின்களை ஐடிஐ பிள்ளைகள் பிரித்துப் பார்க்கக் கொடுங்கள் என்று இங்குள்ள பெரிய வீட்டுக்காரர்களை உரிமையோடு கேட்கிறேன்.

பொறி அளவுமீறி முந்தினால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறி, தீ எட்டாத மூலையிலுள்ள கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங், நீங்கள் கேட்கும் கடகட சத்தம். எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு இப்படியே ஓட்டினால் நாளடைவில் பிஸ்டனே உருகி ஓட்டையாகலாம்.

சரி, செய்யவேண்டியது: முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிபாருங்கள், அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுழலும் திசையில் மயிரிழை திருப்புங்கள், பொறி சற்றுப் பிந்தும். இங்கே 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. போல்ட்டை இறுக்கி, அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய் இழுவையும் குறைந்திருந்தால் அதிகம் திருப்பிவிட்டீர்கள், கொஞ்சம் பின்வாங்குங்கள். எவ்வளவு திருப்பியும் வேகத்தில் மட்டும் சத்தம் நிற்கவில்லையென்றால் அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.