பிடித்த கேம் நாயகன் நல்ல தலைவனாவானா? ஓர் உளவியல் ஆலோசகரின் குறிப்பு

முதன்முறையாக வாக்களிக்கப் போகும் இளைஞர்களோடு ஆலோசனை அறையில் பேசும்போது, சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். வேட்பாளர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும். "அவர் அப்படியே அந்த கேமில் வரும் கேப்டன் மாதிரி" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இதைக் கேட்டுப் பெரியவர்கள் எரிச்சலடைகிறார்கள். நான் எரிச்சலடைவதில்லை, ஏனெனில் திரையில் கண்டு பழகிய முகத்தை நம்புவது இளைஞர்களுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவர்களோடு நேயர்கள் உண்மையான நட்பு இருப்பதாகவே உணர்கிறார்கள் என்பதை ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-இலேயே எழுதிவிட்டார்கள். ஒருபக்க உறவு என்று அதைச் சொல்லலாம். கேம் அந்த உறவுக்குக் கூடுதலான ஓர் ஆழத்தைக் கொடுக்கிறது: அங்கே பாத்திரம் நம்மிடம் பேசுகிறது, நாம் சொல்லும் பதிலுக்கு ஏற்ப முகம் மாறுகிறது, நாம் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்திருக்கிறது.

பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தூக்கமின்மைக்காக வந்தவர். மூன்றாம் அமர்வில்தான், வீட்டில் தேர்தல் பற்றி எழுந்த வாக்குவாதத்துக்குப் பிறகு தந்தையோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "விளையாட்டையும் நாட்டையும் குழப்பிக்கொள்கிறாய்" என்று தந்தை சொன்ன ஒரு வார்த்தை அவரை மிகவும் புண்படுத்தியிருந்தது. நான் ஒரு தாளை நடுவில் மடித்துக் கொடுத்து, அந்தப் பாத்திரத்தை ஏன் பிடிக்கிறது என்று இடப்பக்கத்தில் எழுதச் சொன்னேன். நண்பர்களை விட்டுக்கொடுக்க மாட்டான், பயந்தவர்களைக் கேலி செய்ய மாட்டான், தோற்றாலும் முகம் கோணாமல் அடுத்த வேலையைப் பார்ப்பான் என்று விறுவிறுவென எழுதினார். பிறகு வலப்பக்கத்தின் தலைப்பில் நான் ஒரு கேள்வியை எழுதினேன்: "இருக்கும் தண்ணீர் பாதிப் பேருக்குத்தான் போதும் என்றால், யாருக்கு முதலில் கொடுப்பான்?" பேனா நின்றுவிட்டது. நெடுநேரம் கழித்து அவர் எழுதியது ஒரே ஒரு வரி: "கேமில் அப்படி ஒரு கட்டம் வரவில்லை."

அவருடைய இடப்பக்கத்துப் பட்டியலை நான் இன்றும் மதிக்கிறேன். அதில் இருந்தவை நல்ல குணங்கள்தாம். ஆனால் அவை அனைத்தும் அந்தப் பாத்திரம் தன் குழுவினரிடம், குறிப்பாக ஆடுபவராகிய நம்மிடம், எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்பவை. ஆட்சியில் இருப்பவரோ தன்னை அறியாதவர்களுக்கும், தன்னை வெறுப்பவர்களுக்கும், தன் கண்ணில் ஒருநாளும் படப்போகாதவர்களுக்கும் சேர்த்து முடிவெடுக்க வேண்டியவர். சாகச கேம்கள் பலவற்றில் நாயகன் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் நுழைந்து, அலமாரியைத் திறந்து, பானையை உடைத்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவான். அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார். அந்த நாயகனை நாம் அப்போதும் நேசிக்கிறோம். அவன் செய்ததன் விலையைக் கொடுத்தவர் நம் கண்ணுக்கு மனிதராகத் தெரியாததே அதற்குக் காரணம். இந்தக் கண்ணோட்டத்தோடு ஒரு தலைவரை எடைபோட்டால், அவருடைய ஆட்சியில் யாருடைய பானை உடைகிறது என்ற கேள்வியே நமக்குத் தோன்றாமல் போய்விடும்.

இந்தச் சிக்கலைச் சில கேம்களே நேர்மையாகக் கையாண்டிருக்கின்றன. 2009-இல் வெளிவந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' அவற்றுள் முதன்மையானது. அதில் நிலத்தடிக் குள்ளர்களின் நகரமான ஓர்ஸமாரில் அரியணை காலியாக இருக்கும். போட்டியிடுபவர்கள் இருவர். ஹாரோமான்ட் பிரபு சொன்ன சொல் தவறாதவர், பண்பாகப் பேசுபவர், இறந்துபோன மன்னரின் நம்பிக்கைக்குரியவர். பேலன் மன்னரின் கடைசி மகன். உடன்பிறந்தவர்களைச் சூழ்ச்சியால் அகற்றியவன். யாரை அமர்த்துவது என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்கிறார். பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இயல்பாகவே ஹாரோமான்ட்டின் பக்கம் சாய்வார்கள். விளைவு உடனே தெரிவதில்லை. கதை முழுவதும் முடிந்தபின் வரும் பின்னுரையில்தான் தெரிகிறது. ஹாரோமான்ட்டின் ஆட்சியில் நகரம் வெளியுலகத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு தன்னைப் பூட்டிக்கொள்கிறது. எந்தக் குலத்திலும் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டவர்கள் மேலும் நசுக்கப்படுகிறார்கள். பேலனோ வணிகத்தைத் திறந்துவிடுகிறான். ஒதுக்கப்பட்டவர்கள் ஆயுதம் ஏந்திப் போரிட முன்வந்தால் அவர்களுக்குப் புதிய உரிமைகளைத் தருகிறான்.

இதிலிருந்து 'கெட்டவனே நல்ல ஆட்சியாளன்' என்று முடிவு கட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் அவசரம். அதே பின்னுரையில், பிரபுக்களின் எதிர்ப்பு வலுத்ததும் பேலன் அவையைக் கலைத்துவிட்டுத் தனியொருவனாக ஆளத் தொடங்குகிறான். ஹாரோமான்ட்டின் பண்பு பொய்யன்று. ஆனால் பழைய ஒழுங்கு அப்படியே நிற்க வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை அந்தப் பண்பு மறைத்துவிட்டது. பேலனின் சீர்திருத்தமும் பொய்யன்று. ஆனால் தடுப்பார் யாருமில்லாத அதிகாரத்தை அவன் எப்படிக் கையாள்வான் என்பதை அவனுடைய கடந்தகாலம் முன்பே காட்டியிருந்தது. என் கருத்தில் அந்த நகரம் கேட்டிருக்க வேண்டியது, "இவர்களில் யார் நல்லவர்?" என்பதை மட்டுமன்று, "இவர் என்ன செய்வதாகச் சொல்கிறார், செய்யாவிட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?" என்பதையும்தான்.

2010-இல் வந்த 'ஃபேபிள் 3' வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறது. கொடுங்கோலனான தன் அண்ணனை எதிர்த்துப் புரட்சி செய்யும் நாயகன், ஆதரவு தேடிப் போகும் இடமெல்லாம் வாக்குறுதி கொடுக்கிறான். நமக்கும் அவனைப் பிடித்துப்போகிறது. அரியணை ஏறியபிறகுதான் உண்மை விளங்குகிறது: ஓராண்டில் ஒரு பேரழிவு நாட்டைத் தாக்கப் போகிறது, அதைத் தடுக்க 65 லட்சம் பொற்காசுகள் கருவூலத்தில் இருக்க வேண்டும், அண்ணனின் கொடுமைகளில் பல அந்தப் பணத்தைச் சேர்ப்பதற்காகவே நடந்தவை. வாக்குறுதியைக் காப்பாற்றினால் கருவூலம் கரைகிறது. காசு குறைந்தால் மக்கள் சாகிறார்கள். பற்றாக்குறையின் கனத்தை இவ்வளவு அருகில் உணர வைத்த கேம்கள் குறைவு. ஆனாலும் இதில் ஒரு புறவழி இருக்கிறது. வீடுகளையும் கடைகளையும் வாங்கி வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த சொந்தப் பணத்தை நாயகன் கருவூலத்தில் கொட்டலாம். அப்படிச் செய்தால் வாக்குறுதியும் நிற்கும், மக்களும் பிழைப்பார்கள். உண்மையான ஆட்சியில் அந்த வழி கிடையாது. ஒரு துறைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் வேறொரு துறையிலிருந்தோ, வரியிலிருந்தோ, கடனிலிருந்தோதான் வந்தாக வேண்டும். எடுத்த முடிவு தவறாகப் போனால் கேமில் செய்வதுபோல, முன்பு சேமித்து வைத்த கட்டத்தை (சேவ் ஃபைல்) திறந்து மீண்டும் தொடங்கவும் முடியாது.

தோற்றத்தை வைத்துத் தலைவரைத் தேர்வது எவ்வளவு ஆழமான பழக்கம் என்பதற்கு ஒரு சோதனையை அமர்வுகளில் குறிப்பிடுவது வழக்கம். 2009-இல் வெளியான ஆய்வு அது. சுவிட்சர்லாந்தில் 5 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகள் ஒரு கணினி விளையாட்டில் கடற்பயணம் போனார்கள். பிறகு இரண்டு முகங்களைக் காட்டி, இவர்களில் யாரை உன் கப்பலுக்குத் தலைவனாக்குவாய் என்று கேட்டார்கள். அந்த முகங்கள் பிரான்சில் நாடாளுமன்றத் தேர்தலில் நேருக்கு நேர் நின்ற வேட்பாளர்களுடையவை. குழந்தைகளுக்கு அது தெரியாது. குழந்தைகளின் தேர்வை வைத்தே உண்மையான தேர்தலில் வென்றவரைச் சுமார் 71 சதவீதம் சரியாகச் சொல்லிவிட முடிந்தது. அதாவது, யோசித்து வாக்களித்ததாக நம்பிய பெரியவர்களின் தீர்ப்பும், கப்பல் விளையாட்டு ஆடிய குழந்தைகளின் தீர்ப்பும் பெருமளவு ஒன்றாகவே இருந்தன. எனவே அந்த இளைஞரிடம் தந்தை சொன்ன குறை, தந்தைக்கும் எனக்கும் சேர்த்தே பொருந்துவது.

இதைப் படித்துவிட்டு, பிடித்தமானவராக இருப்பதே குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அணுகுவதற்கு எளியவராக இருக்கும் தலைவரிடம்தான் கீழே இருப்பவர்கள் கெட்ட செய்தியைத் துணிந்து கொண்டுபோவார்கள். செவி கைக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்பவரிடம்தான் தவறு திருத்தப்படும். ஆனால் சிரித்த முகமும் கசப்பைக் கேட்கும் காதும் ஒன்றல்ல. முன்னதைத் திரையிலும் மேடையிலும் எளிதில் காட்டிவிடலாம். பின்னது, எதிர்க்கேள்வி கேட்டவருக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். அரசியலுக்கு வேண்டியவை பற்று, பொறுப்புணர்ச்சி, தூரத்தை அளக்கும் கண் (விலகி நின்று எடைபோடும் பார்வை) ஆகிய மூன்றும் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919-இல் ஆற்றிய உரையில் சொன்னார். கேம் நாயகர்களிடம் பற்றுக்குக் குறைவேயில்லை. மற்ற இரண்டும் அவர்களிடம் உண்டா என்பதைச் சோதிக்கும் கட்டங்களைப் பெரும்பாலான கதைகள் வைப்பதில்லை.

பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பிள்ளைகள் இப்படிப் பேசும்போது கேலி செய்து வாயை அடைக்காதீர்கள். தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தைப் பற்றிப் பேசும் பிள்ளை, உண்மையில் தான் எதை நற்குணம் என்று நினைக்கிறது என்பதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வாசலை மூடிவிட்டால் வேறு வாசல் கிடைப்பது கடினம். அந்தப் பாத்திரத்தின் குழுவில் இல்லாதவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாமல் காத்திருங்கள்.

அந்த இளைஞர் ஐந்து வாரம் கழித்து அதே தாளைக் கொண்டுவந்தார். பாத்திரத்தின் பெயரை அடித்துவிட்டு, தன் தொகுதியில் நிற்கும் இரண்டு வேட்பாளர்களின் பெயர்களை எழுதியிருந்தார். இடப்பக்கம் முன்பைவிடச் சுருங்கியிருந்தது. வலப்பக்கத்தில் தண்ணீர்க் கேள்விக்குக் கீழே மேலும் நான்கு கேள்விகள் சேர்ந்திருந்தன. அவற்றில் இரண்டு வேறொரு கையெழுத்தில் இருந்தன. "அது அப்பா எழுதியது" என்றார். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதப்பட்டிருந்தது. மற்றவற்றுக்கு எதிரே, வேட்பாளர்கள் பேச வரும் நாளைக் குறித்து வைத்திருந்தார்.