ஒரே டேட்டாவ ரெண்டு தடவ மலை இறக்காத பெட்டி

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பாக்குற தங்கச்சி ஒருத்தங்க கேட்ட கேள்வி இது. "அண்ணா, எங்க சர்வர்ல 4 டெராபைட் இருக்கு, கிளவுடோட சேந்து ஓடுற ஸ்டோரேஜ் பெட்டி ஒண்ணு வாங்க சொல்றாங்க. எங்க லைன் 20 எம்பிபிஎஸ் தான், மழை வந்தா அதுவும் போயிடும். இது எப்படிண்ணா சரிப்பட்டு வரும்?"

நியாயமான பயம் தான். 4 டெராபைட்ட 20 எம்பிபிஎஸ்ல ஏத்தணும்னா, ஒரு நொடி நிக்காம ஓடினாலே 18 நாளுக்கு மேல ஆகும். 2009 நவம்பர் நிலச்சரிவுல ரோடே அறுந்து போனத பாத்தவங்க நாம, கேபிள் மட்டும் 18 நாள் தாங்கும்னு எப்படி நம்புறது.

பெட்டிய மாட்டுறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ரேக்ல ஏத்தி, ரெண்டு பவர் சப்ளையையும் வேற வேற யுபிஎஸ்ல குடுத்து, சர்வருக்கும் பெட்டிக்கும் நடுவுல தனி நெட்வொர்க் ஸ்விட்ச் போட்டு, ஐஸ்கஸி (iSCSI, நெட்வொர்க் வழியா டிஸ்க்க இணைக்கிற முறை) மூலமா கனெக்ட் பண்ணிட்டா சர்வர் கண்ணுக்கு அது இன்னொரு ஹார்ட் டிஸ்க், அவ்ளோ தான். அப்புறம் கிளவுட் அக்கவுண்ட், சென்னையிலயும் மும்பைலயும் டேட்டா சென்டர் இருக்கு. தினமும் தொடுற டேட்டா பெட்டியோட எஸ்எஸ்டில (வேகமான டிஸ்க்) நிக்கும், கொஞ்சம் ஆறினது ஹார்ட் டிஸ்க்குக்கு போகும், யாரும் திறந்தே பாக்காத பழைய வருஷ இலை எடை கணக்கெல்லாம் கிளவுடுக்கு போயிடும்.

கடிகாரத்த மட்டும் கவனிங்க. குன்னூர்ல ஒரு ஆபீஸ்ல சாயங்காலம் முழுக்க உக்காந்து கிளவுட் அக்கவுண்டோட சாவிய (பாஸ்வேர்ட் மாதிரி ஒரு நீள எழுத்து வரிசை) திரும்ப திரும்ப அடிச்சேன், கிளவுட் ஏத்துக்கவே இல்ல. கடைசில பாத்தா பெட்டியோட டைம் 40 நிமிஷம் பின்னாடி, நெட்வழியா நேரத்த சரி பண்ற என்டிபிய (NTP) ஃபயர்வால்ல அடைச்சு வச்சிருந்தாங்க. அமேசானோட கிளவுட் ஸ்டோரேஜான எஸ்3ல நேரம் 15 நிமிஷத்துக்கு மேல தள்ளி இருந்தா கோரிக்கைய திருப்பி அனுப்பிடும், நடுவுல யாராச்சும் பழைய கோரிக்கைய பிடிச்சு வச்சு மறுபடி அனுப்பிடக் கூடாதுன்னு தான். அதே ஆபீஸ்ல ஆயுத பூஜைக்கு பெட்டி முகப்புல இருக்கிற காத்து ஓட்டை மேலயே குங்குமம் வச்சிருந்தாங்க. பூஜை அவங்க நம்பிக்கை, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா அந்த பொடி ஃபேன் வழியா உள்ள போகும், அதோட "பூஜை போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது"ன்னு பேக்கப்ப ஒரு தடவ கூட திரும்ப எடுத்து பாக்காம விடுறத என்னால ஏத்துக்கவே முடியாது.

சரி, 18 நாள் கணக்குக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது தான். உங்க 4 டெராபைட்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தோட நகலா கூட இருக்கலாம், அதே பில் ஃபார்மேட், அதே எக்செல் ஷீட் மாசா மாசம் பேர் மாத்தி சேவ் பண்ணது. பெட்டி டேட்டாவ துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுக்கும், அந்த ரேகை ஏற்கனவே இருந்தா துண்ட அனுப்பாது, "இது அங்க இருக்கு"ன்னு குறிப்பு மட்டும் எழுதிக்கும். ஆனா எங்க வெட்டுறது?

பூ கட்டுறவங்கள நினைச்சுக்கோங்க. ஒரு நீள சரத்த முழம் போட்டு வெட்டினா, தொடக்கத்துல ஒரே ஒரு மல்லி கூடுதலா சொருகிட்டா போதும், அதுக்கப்புறம் வர்ற எல்லா முழமும் ஒரு பூ தள்ளிப் போயிடும், எந்த துண்டும் நேத்து துண்டு மாதிரி இருக்காது. அதுக்கு பதிலா "மரிக்கொழுந்துக்கு அடுத்து கனகாம்பரம் வர்ற இடத்துல எல்லாம் வெட்டு"ன்னு வச்சுக்கிட்டா? மல்லி சொருகின துண்டு மட்டும் மாறும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். வெட்டுற இடத்த அளவுகோல் சொல்லல, சரமே சொல்லுது!

கம்ப்யூட்டர் இத எண்ணால பண்ணும். 4, 7, 1, 8, 2ன்னு டேட்டா வருதுன்னு வைங்க, மூணு மூணா பாத்து 13ஆல வகுத்து மீதி பூஜ்யம் வந்தா வெட்டணும். 471, மீதி 3. அடுத்தத புதுசா கணக்கு போட வேண்டாம், 400ஐ கழிச்சு 10ஆல பெருக்கி 8 கூட்டினா 718, மீதி 3. இன்னொரு நகர்த்தல், 182, மீதி பூஜ்யம், வெட்டு! ஒரு முனையில பழசு வெளிய போகுது, மறு முனையில புதுசு உள்ள வருது, ஒரே நேரத்துல பாக்குற ஜன்னல் (இங்க மூணு எண்) எவ்ளோ பெருசா இருந்தாலும் ஒரு நகர்த்தலுக்கு அதே சின்ன கணக்கு தான். நிஜ பெட்டில 13ஆல வகுக்கறதுக்கு பதிலா, வர்ற எண்ணோட கடைசி 13 பிட்டும் (0, 1 இலக்கங்கள்) நாம நினைச்ச மாதிரி வந்தா வெட்டுன்னு சொன்னா சராசரியா 8192 பைட்டுக்கு ஒரு வெட்டு விழும். எல்லா பெட்டியும் இப்படி வெட்டாது, சிலது முழம் போட்டு தான் வெட்டும், வாங்கும்போது கேட்டுக்கோங்க.

கைரேகை எடுக்க எஸ்எச்ஏ-256 (SHA-256) கணக்கு முறைய பயன்படுத்துதான்னும் பாருங்க, பழைய எஸ்எச்ஏ-1ல ஒரே ரேகை உள்ள ரெண்டு வேற வேற பிடிஎஃப்ப 2017லயே செஞ்சு காட்டிட்டாங்க.

இந்த நகரும் கணக்குக்கு பின்னாடி இருக்கிற கைரேகை முறைய மைக்கேல் ராபின்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1981ல எழுதினார். சின்ன லைன்ல ஃபைல் அனுப்ப அத வச்சு டேட்டாவ வெட்டுற முறை 2001ல வந்துச்சு, 20 வருஷம் கழிச்சு. பலன் உடனே தெரியாத ஆராய்ச்சி இப்படித்தான். ஊட்டி பக்கம் முத்தோரைல மலைச்சரிவையே பூமியோட அச்சுக்கு இணையா பாத்து தேர்ந்தெடுத்து 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப் கட்டினாங்களே, "இதனால என்ன லாபம்"னு கேட்டு அன்னைக்கு காசு குடுக்காம இருந்திருந்தா அது இல்ல. அடிப்படை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் குடுக்குற பணத்த அடுத்த பட்ஜெட்லயே திரும்பக் கேக்கக் கூடாதுங்கறது என் உறுதியான கருத்து.

வெட்டி, நகல் நீக்கி, சுருக்கி, அப்புறம் தான் ஏஇஎஸ்-256ங்கற (AES-256) ரகசிய குறியாக்க முறைல பூட்டி அனுப்பும். முதல்லயே பூட்டினா ஒரே மாதிரி துண்டு கூட வேற வேறயா தெரியும், நகல கண்டுபிடிக்க வழி இருக்காது. முதல் தடவ ஏத்த சில நாள் ஆகத்தான் செய்யும், அப்புறம் தினமும் புது துண்டு மட்டும்.

லைன் போனா என்ன ஆகும்னு கேட்டீங்கல்ல? பெட்டிக்குள்ள இருக்கிறது ஓடிக்கிட்டே இருக்கும், புதுசா எழுதுறது வரிசைல காத்திருந்து லைன் வந்ததும் போகும், கிளவுடுக்கு போன பழசு மட்டும் அதுவரைக்கும் கிடைக்காது. அதனால விவசாயிங்களுக்கு இலை காசு போடுற கணக்க "பெட்டிலயே இருக்கணும்"னு குறிச்சு வச்சிடுங்க தங்கச்சி. பூட்டின சாவிய ஒரு பேப்பர்ல எழுதி ஃபேக்டரிக்கு வெளிய, பேங்க் லாக்கர்ல வைங்க. பெட்டியே மண்ணுக்குள்ள போனாலும் புது பெட்டியும் அந்த பேப்பரும் இருந்தா கிளவுடுக்கு போய் சேந்தது வரைக்கும் திரும்ப எடுத்துடலாம்.