வெந்தயத் தண்ணீர் இன்சுலின் ஆகாது

"குடல் ஹார்மோனைத் தூண்டுது டாக்டர், ஜிஎல்பி-1 ஊசிக்குச் சமமாம்" என்று கைபேசியை நீட்டாதவர்கள் இப்போது என் ஓ.பி.யில் குறைவு. வெந்தயத் தண்ணீர், பாகற்காய் ஜூஸ், பெர்பெரின் மாத்திரை, இவையெல்லாம் சுகரைக் குறைக்க உதவும் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைச் சுரக்கவைக்குமாம். போகட்டும் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒரு கல்லூரிப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டைப் 1 சுகர், உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகை. இன்சுலினை நிறுத்திவிட்டு இரண்டு வேளையும் பாகற்காய் ஜூஸ். வாந்தி எடுத்ததும் ஃபுட் பாய்சன் என்று நினைத்து வீட்டில் குளுக்கோஸ் தண்ணீர் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! வாயில் அழுகிய பழ வாடை, மேல்மூச்சு கீழ்மூச்சு, சிறுநீரில் கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் பொருள். நேரே ஐசியூ. பிழைத்துக்கொண்டான்.

தூண்டுகிறது என்பது பொய்யில்லை. வெந்தயத்தின் கரையும் நார்ச்சத்து பெருங்குடலில் நொதித்து உண்டாகும் அமிலங்கள், பாகற்காயின் கசப்பு, மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் எல்லாம் குடலின் எல்-செல்களைச் சீண்டி ஜிஎல்பி-1 சுரக்கவைப்பது ஆய்வுக்கூடத்தில் பார்த்த விஷயம்தான். சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினே ஒரு செடியின் வழியில் வந்த மருந்து. செடிமேல் எனக்கென்ன பகை?

ஆனால் உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 பாதியாகக் குறைய சுமார் 2 நிமிடம் போதும். டிபிபி-4 என்ற நொதி வெட்டித் தள்ளிவிடும். (அந்த நொதியைத் தடுக்கும் டெனலிகிளிப்டின் மாத்திரையை உங்களில் பலர் ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.) நீங்கள் சொல்லும் ஜிஎல்பி-1 ஊசியான செமாக்ளூடைட் அந்த நொதியிடம் எளிதில் சிக்காதபடி மாற்றிச் செய்த மருந்து, பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி. நீங்கள் எதைக் குடித்துத் தூண்டினாலும் சுரப்பது அந்த 2 நிமிடச் சரக்குதான். ஓட்டை வாளியில் வேகமாக ஊற்றுகிற கதை.

அதைவிட முக்கியம், ஜிஎல்பி-1 இன்சுலின் இல்லை. "இன்சுலினை விடு" என்று கணையத்துக்குச் சொல்லும் தூதுதான். டைப் 1-ல் அதைக் கேட்டு இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அநேகமாக மிச்சமே இல்லை. அந்தப் பையனுக்குச் செமாக்ளூடைட்டே இன்சுலினுக்கு மாற்று ஆகாது, ஜூஸா ஆகும்?

வெந்தயம் சாப்பிடுங்கள், யார் தடுத்தது. தட்டில் முதலில் பொரியலும் சுண்டலும், பிறகு சோறு. ஜிஎல்பி-1-க்கு அதுவும் நல்லதுதான், பைசா செலவில்லை. கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போடுகிறவர்கள் வெந்தயப் பொடி, சிறுகுறிஞ்சான் என்று திடீரென்று சேர்த்தால் லோ சுகர் ஆகலாம். குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டே இருங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பெர்பெரின் வேண்டவே வேண்டாம். கிட்னி மாற்றிக்கொண்டு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களும் பெர்பெரினைத் தொடாதீர்கள், ரத்தத்தில் சைக்ளோஸ்போரினின் அளவை ஏற்றிவிடும். எந்த டப்பா வாங்கினாலும் டப்பாவோடு வாருங்கள், ஒளித்து வைக்காதீர்கள்.

இன்சுலின் போடும் பிள்ளைகளின் பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் முதலில் சுகரும் கீட்டோனும் பாருங்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்தாதீர்கள். சுகர் 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் இருந்தால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.